கணையத்துக்குள் தீவுகளைப் பார்த்த 21 வயது மாணவர்!

1869-ம் வருஷம். பெர்லின்ல பால் லாங்கர்ஹான்ஸ்னு ஒரு மருத்துவ மாணவர், பட்ட ஆய்வுக்காக முயலோட கணையத்தை மைக்ரோஸ்கோப்ல பார்த்துட்டு இருந்தார். வயசு 21.

செரிமான நீரைச் சுரக்கிற செல்களுக்கு நடுவுல, அங்கங்கே திட்டுத் திட்டா வேற மாதிரி செல்கள். அதுக்கு என்ன வேலைன்னு அவருக்குப் புரியலை. கதை கட்டாம, தெரியலைன்னே ஆய்வேட்டுல எழுதிட்டார். எனக்கு அவரைப் பிடிச்சதே இதனாலதான்.

அப்புறம் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் ஆனார். வாழ்க்கை செட்டில் ஆகுற நேரத்துல காசநோய் வந்துடுச்சு. 1875-ல், போர்ச்சுக்கலைச் சேர்ந்த மதீரா தீவுக்குப் போனார். அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கிட்டே, கடல் புழுக்களை ஆராய்ஞ்சார். ஒரு புழு இனத்துக்குத் தன்னோட குரு விர்ஷோ பேரையே வெச்சார்னா பாருங்க! 1888 ஜூலை 20-ல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 41-வது பிறந்தநாளுக்கு அஞ்சே நாள்தான் பாக்கி.

1893-ல் லாகேஸ்ங்கிற பிரெஞ்சு ஆய்வாளர் அந்தத் திட்டுகளுக்கு 'லாங்கர்ஹான்ஸ் தீவுகள்'னு பேர் வெச்சார். அங்கேதான் இன்சுலின் சுரக்குது. லத்தீன்ல தீவைக் குறிக்கிற சொல்லுலேருந்துதான் இன்சுலின்ங்கிற பேரே வந்தது.

கணையப் புற்றுநோய்னதும் நாம பயப்படுறது, பெரும்பாலும் கணைய நாளங்கள்ல வர்ற வேகமான வகைக்கு. தீவுச் செல்கள் மாதிரி ஹார்மோன் சுரக்கிற செல்கள்லயும் அபூர்வமா கட்டி வரும். ஐபோன் தந்த ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-ல் கண்டுபிடிச்சது இந்த வகைதான்.

இதுல சில கட்டிகள் இன்சுலினை அளவில்லாம சுரக்கும். வெறும் வயித்துல சர்க்கரை சரிஞ்சு, மயக்கம், உளறல் வரும். வலிப்பு, மனநோய்னு தப்பா நினைச்சுடுறதும் உண்டு.

கட்டி இருக்குறதை ஸ்கேன் காட்டும். எந்த வகைன்னு உறுதியா சொல்றது செல்தான். எண்டோஸ்கோப்பை வாய் வழியா இறக்கி, அல்ட்ராசவுண்ட் உதவியோட, இரைப்பை இல்லைன்னா சிறுகுடல் சுவர் வழியா மெல்லிய ஊசியைக் கணையத்துக்குள்ள செலுத்தி செல்களை எடுக்குறாங்க. இந்த வகையா இருந்தா, உட்கரு உப்பும் மிளகும் தூவின மாதிரி தெரியும். சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் சாயம் ஏறுதான்னும் பார்ப்பாங்க. அப்புறம் கேஐ-67 சோதனை. அதுல பெருகுற செல்கள் 3 சதவிகிதத்துக்குக் கீழேன்னா மெதுவா வளர்ற கட்டி. 20-ஐத் தாண்டினா வேகமானது, சிகிச்சையே வேற.