கர்மவீரர் பாவுராவ் பாட்டீல்: ஒரு சிராவகர் வளர்த்த கல்வி அறம்

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை நம் அறநூல்கள் இல்லறத்தார்க்கு விதித்துள்ளன. இவற்றுள் சாஸ்திர தானத்தை, ஏடெழுதிக் கொடுத்தல், நூல் அச்சிட்டு வழங்குதல் என்ற அளவிலேயே நாம் பெரும்பாலும் பொருள் கொள்கிறோம். எழுத்தறியாக் குடியிற் பிறந்த குழந்தைக்கு எழுத்தறிவித்தலும் அத்தானமே எனக் கொண்டு, தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கே ஈந்த சமணப் பெருமகனார் ஒருவர் மராட்டிய மண்ணில் வாழ்ந்தார். அவரே கர்மவீரர் எனப் போற்றப்பெறும் பாவுராவ் பாட்டீல் ஆவார்.

கோலாப்பூர்ப் பகுதியில், பாகுபலி தலத்தால் சிறப்புற்ற கும்போஜ் என்னும் ஊரில், 1887 செப்டம்பர் 22 அன்று திகம்பர ஜைனக் குடும்பத்தில் இவர் பிறந்தார். தந்தையார் பாய்கொண்டா பாட்டீல் வருவாய்த் துறையில் எழுத்தராகப் பணியாற்றியவர், தாயார் கங்காபாய்.

அவர் பிறந்த காலத்தில், கல்வியை யாருக்கு முதலில் அளிப்பது என்பது பற்றி இருவேறு கொள்கைகள் நாட்டில் நிலவின. மேல்தட்டினருக்குக் கற்பித்தாற் போதும், அவர் வழியாக அறிவு கீழே கசிந்து இறங்கும் என்பது ஆங்கில ஆட்சியாளர் பலரின் எண்ணம். உழவர் செலுத்தும் வரியால் உயர்குடியினர் மட்டுமே கற்பது முறையன்று. தொடக்கக் கல்வி எளிய மக்களிடமிருந்தே தொடங்கவேண்டும் என்று 1882-இல் ஹண்டர் குழுவின் முன் வாதிட்டவர் மகாத்மா ஜோதிராவ் புலே. கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா இந்த இரண்டாம் வழியைச் செயலாக்கினார். ஒவ்வொரு சமூகத்தாரும் தத்தம் பிள்ளைகளுக்கு மாணவர் விடுதி அமைக்க உதவினார். 1917-இல் கட்டாய இலவசத் தொடக்கக் கல்விக்கு ஆணை பிறப்பித்தார். கோலாப்பூரில் எழுந்த ஜைன மாணவர் விடுதியும் அம்முயற்சியின் பயன்களுள் ஒன்று. பாவுராவ் அவ்விடுதியில் தங்கியே படித்தார்.

அங்கு நிகழ்ந்த ஒரு செயல் அவர் வாழ்வின் போக்கை முன்னரே காட்டிவிட்டது. தீண்டத்தகாதவர் எனத் தள்ளப்பட்ட மாணவர்களுக்காகத் தொடங்கப்பெற்ற மிஸ் கிளார்க் விடுதியின் திறப்பு விழாவுக்கு அவர் சென்று வந்தார். திரும்பியதும் தீட்டுக் கழிய நீராடவேண்டும் என்றனர், அவர் மறுத்தார். அதனால் விடுதியினின்று நீக்கப்பட்டார். தேவரும் மாந்தரும் விலங்கும் ஒருங்கே அமர்ந்து அறம் கேட்கும் சமவசரணத்தைப் போற்றும் நம் சமயத்தார் நடத்திய விடுதியிலேயே இது நிகழ்ந்தது என்பதை நாம் மறைத்தல் தகாது.

பள்ளிப் படிப்பை அவர் நிறைவு செய்யவில்லை. சாதாராவில் மாணவர்க்குத் தனிப்பாடம் கற்பித்தார். பின்னர்க் கிர்லோஸ்கர் நிறுவனத்தின் இரும்புக் கலப்பைகளை விற்பவராக ஊர் ஊராகச் சென்றார். உழவர் வீடுகளின் வறுமையையும், பள்ளி செல்லாப் பிள்ளைகளின் நிலையையும் அவர் நேரிற் கண்டது அப்பயணங்களிலேதான். அருகில் பள்ளி இல்லை. தொலைவில் இருப்பினும் தங்க இடமில்லை. இடம் கிடைப்பினும் உண்ண வழியில்லை. ஆகவே, கற்பிப்பதற்கு முன் உறையுளும் உணவும் அமைக்கவேண்டும் என அவர் தெளிந்தார்.

1919 அக்டோபர் 4 அன்று, கராட் அருகிலுள்ள காலே என்னும் சிற்றூரில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவை நிறுவினார். ரயத் என்றால் குடியானவர் என்பது பொருள். 1924-இல் சாதாராவில் ஒரு மாணவர் விடுதி அமைந்தது. அதற்கு, தாம் போற்றிய சாகு மகாராஜாவின் பெயரையே வைத்தார். ஆயினும் மன்னர் வழியிலிருந்து ஓரடி முன்னே சென்றார். மன்னர் ஊக்குவித்த விடுதிகள் பெரும்பாலும் சமூகந்தோறும் தனித்தனியே இயங்கின. இவர் விடுதியிலோ எல்லாச் சாதிப் பிள்ளைகளும், இசுலாமியச் சிறுவரும் ஒரே அடுப்பில் சமைத்து ஒரே பந்தியில் உண்டனர். சமத்துவம் என்பதைப் பாடநூலால் கற்பிக்க இயலாது, உடன் வாழ்ந்தே கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1927-இல் காந்தியடிகள் இவ்விடுதிக்கு வந்து கண்டு மகிழ்ந்தார்.

அவ்விடுதியின் தாயாக விளங்கியவர் துணைவியார் இலக்குமிபாய். ஆசாரம் மிக்க குடும்பத்தில் வளர்ந்த அவ்வம்மையார், எல்லாப் பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாகவே பேணினார். அரிசி பருப்பு வாங்கப் பணமில்லாதபோது தம் நகைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். இறுதியில் தாலியையும் கழற்றித் தந்தார். 1930-இல் அவர் மறைந்தார். அபரிக்கிரகம் என்னும் விரதத்திற்கு இதனினும் சிறந்த இல்லற விளக்கம் அரிது.

நன்கொடையை மட்டுமே நம்பிய கல்வி நிலைக்காது என்பதையும் பாவுராவ் உணர்ந்திருந்தார். மாணவர் நிலத்தில் உழைத்துத் தம் செலவை ஈட்டிப் படிக்கும் முறையை வகுத்தார். சுயசார்புக் கல்வியே அவர் நிறுவனத்தின் குறிக்கோள். விழுதூன்றிப் பரவும் ஆலமரமே அதன் சின்னம். உழைப்பு ஏழைக்கு இழிவு தருவதன்று என்ற எண்ணம் இதனால் மாணவர் உள்ளத்தில் வேரூன்றியது. பிறர் இரக்கத்தால் படிக்கிறோம் என்ற கூச்சமும் அகன்றது.

சிற்றூர்ப் பள்ளிக்குச் சிற்றூரை அறிந்த ஆசிரியர் வேண்டும் என்பதால் 1935-இல் சாதாராவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். அடுத்து, நூற்றுக்கணக்கான ஊர்களில் தன்னார்வப் பள்ளிகள் எழுந்தன. 1940-இல் சயாஜிராவ் மகாராஜா பெயரில் இலவச உறைவிட உயர்நிலைப் பள்ளியும், 1947-இல் சத்திரபதி சிவாஜி கல்லூரியும் உருவாயின. காந்தியடிகள் மறைந்தபின் அவர் பெயரால் 101 உயர்நிலைப் பள்ளிகள் அமைக்க உறுதிபூண்டார். பள்ளியிறுதி காணாத அவருக்குப் புனே பல்கலைக்கழகம் 1959-இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார். 1959 மே 9 அன்று உலக வாழ்வை நீத்தார்.

ஒவ்வோர் உயிரும் அளவில்லா ஞானத்தை இயல்பாகவே உடையது. வினைத் திரையே அதனை மறைக்கிறது என்பது ஜினதருமத்தின் அடிப்படை. பிறர் கற்பதற்கு இடையூறு செய்வோர்க்கு ஞானாவரணீய வினை வந்து பற்றும் எனத் தத்துவார்த்த சூத்திரம் அறிவுறுத்துகிறது. எனவே, ஒரு குழந்தைக்குப் பள்ளிக் கதவை அடைப்பது சமூகக் குற்றம் மட்டுமன்று, சமயக் குற்றமும் ஆகும். பாவுராவ் இதனை மேடையில் விளக்கிக் கொண்டிராமல் வாழ்ந்தே காட்டினார்.

சமண முனிவர் உறைந்த பள்ளியே கல்விக்கூடத்திற்குப் பெயர் தந்தது என்று தமிழ்ச் சமணராகிய நாம் பெருமை கொள்கிறோம். அப்பெருமை உரியதே. நம் திருவிழா நாள்களில் திரளும் கல்வி நிதியில் ஒரு பகுதியேனும், நம் ஊரில் நம்மவர் அல்லாத ஏழைப் பிள்ளையின் படிப்புக்கும் சென்று சேருமாயின், அப்பெயருக்கு நாம் செய்யும் சிறப்பு அதுவே. கோலாப்பூர் விடுதியினின்று வெளியேறிய அச்சிறுவனுக்கு நாம் செலுத்தும் கடனும் அதுவே.

வாழ்க ஜினதருமம்!