பாழ்குழியில் நடந்த பாடம்
இமாம் ஷம்சுல் அயிம்மா ஸரக்ஸீ (ரஹ்) அவர்களின் வாழ்வு



மார்க்கச் சட்டம் ஒன்றில் நமக்கு ஐயம் எழும்போது, அதற்குரிய விடையை ஹிதாயாவிலும் அதனைத் தொடர்ந்து வந்த ஏனைய கிதாபுகளிலும் தேடி எடுத்துரைப்பது உலமாக்களின் வழக்கம். அந்நூல்களைப் புரட்டிச் செல்வோரை அடிக்கடி எதிர்கொள்ளும் ஒரு திருநாமம், ஷம்சுல் அயிம்மா ஸரக்ஸீ (ரஹ்) என்பதாகும். இமாம்களின் சூரியன் என்பது அப்பட்டத்தின் பொருள். மதரஸாவில் ஓதிய எவருக்கும் இப்பெயர் புதிதன்று. எனினும், அவர்கள் எந்த நிலையில் இருந்துகொண்டு அச்சட்டங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை மக்தப் பிள்ளைகளுக்கும் நம் இளைஞர்களுக்கும் நாம் எடுத்துச் சொல்வது அரிதாகவே உள்ளது. ஆகவே இவ்வாண்டு மலரில் அவர்களைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

இமாம் அவர்களின் இயற்பெயர் முஹம்மது. தந்தையார் பெயர் அஹ்மத். குராசான் நாட்டில் நைஸாபூருக்கும் மர்வு நகருக்கும் இடைப்பட்ட ஸரக்ஸ் என்ற ஊரே அவர்களுடைய பூர்வீகம். இன்று அவ்வூர் ஈரானும் துர்க்மெனிஸ்தானும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள். ஸரக்ஸீ எனும் பெயரில் பிற்காலத்தில் வேறோர் அறிஞரும் உண்டு. முஹீத் என்ற கிதாபை இயற்றிய ரளிய்யுத்தீன் ஸரக்ஸீ (ரஹ்) அவரே. ஓதுகிற மாணவர்களே சில வேளை இவ்விருவரையும் ஒருவரெனக் கருதிவிடுவதால் இதனை ஈண்டுக் குறிப்பிட்டோம்.

கல்வி தேடி இமாம் அவர்கள் சென்றடைந்த இடம் புகாரா. அங்கே ஷம்சுல் அயிம்மா அப்துல் அஸீஸ் ஹல்வானீ (ரஹ்) அவர்களிடம் நெடுங்காலம் பாடம் கேட்டார்கள். அந்த உஸ்தாதின் தந்தையார் இனிப்புப் பண்டம் விற்றுப் பிழைத்த ஏழை. ஆலிம்களைக் கண்டால் இனிப்பைக் கொடுத்து, தம் மகனுக்காக துஆச் செய்யும்படி வேண்டிக்கொள்வாராம். தஃலீமுல் முதஅல்லிம் ஓதியவர்கள் இச்செய்தியை அறிவார்கள். இனிப்பு விற்றவரின் மகன் புகாராவின் பேரறிஞரானார். அவருக்குப் பின் அவருடைய இருக்கையும் பட்டமும் மாணவரான ஸரக்ஸீ (ரஹ்) அவர்களை வந்தடைந்தன.

அந்த மாணவப் பருவத்தைப் பற்றிச் சரித நூல்கள் தரும் செய்தி ஒன்று உண்டு. ஒருமுறை இமாம் அவர்களுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு ஏற்பட்டிருந்தது. புகாராவில் அது பனிக்காலம். பாடத்தை விடவும் மனமில்லை, ஒளூ இல்லாமல் அமரவும் மனமில்லை. ஆகவே ஒரே நாளில் ஏறத்தாழ நாற்பது தடவை எழுந்து சென்று, உறைபனிக் குளிரில் நீரில் கைவைத்து ஒளூச் செய்து திரும்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால் மைக்கூட்டில் மை உறைந்து கிடக்கும். மைக்கூட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். உடற்சூட்டில் மை இளகியதும் விட்ட இடத்திலிருந்து எழுதுவார்கள். இந்நிகழ்ச்சியை அவர்கள் வெளியே சொல்ல நேர்ந்த சந்தர்ப்பத்தைக் கேட்டால் வியப்பு மிகும். அதைப் பின்னர்க் கூறுவோம்.

அக்காலத்தில் அப்பிரதேசத்தை ஆண்டவர்கள் கராகானிய துருக்கிய மன்னர்கள். காகான் என்பது அவர்களது பட்டம். காகானுக்கு இமாம் அவர்கள் நஸீஹத்தாகச் சொன்ன ஒரு சொல் அவருக்குக் கசந்தது. அதன் விளைவாக இமாம் அவர்கள் கைது செய்யப்பட்டு, பர்கானா சமவெளியின் கிழக்கு ஓரத்தில் உள்ள உஸ்ஜந்து என்னும் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இன்றைய கிர்கிஸ்தான் நாட்டில் உஸ்கென் என்று வழங்கப்படுவது இவ்வூரே. கராகானியர் காலத்து மினாரா ஒன்றும் மன்னர்களின் கல்லறை மண்டபங்களும் அங்கே இன்றளவும் நிற்கின்றன. சொன்ன நஸீஹத் எதைப் பற்றியது என்பதில் பிற்கால ஆசிரியர்கள் பலவாறு கூறுவர். இமாம் அவர்கள் அதை விரித்து எழுதித் தம் தரப்பை நியாயப்படுத்த முனையவில்லை. நமக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. அநீதிக்கு உள்ளானவன் பேனாவைப் பிடித்தால் முதற் பக்கம் முழுவதும் தன் வழக்கையே எழுதுவான் என்பது மனித இயல்பன்றோ?

சிறை என்றதும் நம் காலத்துச் சிறைக்கூடத்தை எண்ணிவிடலாகாது. ஹனஃபி அறிஞர்களின் சரித நூல்கள் அதனை ஜுப்பு என்றே குறிப்பிடுகின்றன. நீரற்ற பாழுங்கிணறு போன்ற ஆழ்ந்த குழி என்று பொருள். நபி யூசுஃப் (அலை) அவர்களைச் சகோதரர்கள் போட்ட கிணற்றையும் திருக்குர்ஆன் இச்சொல்லாலேயே குறிப்பிடுகிறது. ஏறத்தாழ ஹிஜ்ரி 466 முதல் 480 வரை, அதாவது பத்தாண்டுகளுக்கும் மேலாக, இமாம் அவர்களின் சிறைவாசம் நீண்டது. குடும்பமில்லை, கிதாபில்லை, பாங்கோசை கேட்டுப் பள்ளிக்கு நடக்கும் பாக்கியமில்லை.

மாணவர்கள் அவர்களைத் தேடி வந்தார்கள். குழியின் விளிம்பில் அமர்ந்து, கீழே இருக்கும் உஸ்தாதுக்கு ஆறுதலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களே ஒரு வேண்டுகோளை வைத்தார்கள். ஹனஃபி மத்ஹபின் மூலச் சட்டங்களுக்கு விரிவான விளக்கம் ஒன்றைச் சொல்லித் தரவேண்டும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்பதே அது. இமாம் அவர்கள் இசைந்தார்கள். அப்பாடத்திலிருந்து உருவானதே அல்மப்ஸூத் என்னும் பெருநூல்.

இந்தப் பாடம் நடந்த விதத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கீழிருந்து குரல் எழுகிறது. மேலே இருப்போர் காதைத் தீட்டிக்கொண்டு எழுதுகிறார்கள். முன்னோர்கள் இதனை இம்லா என்பர். ஓரிரு நாள் பயான் அன்று. தொழுகையில் தொடங்கி ஜகாத், நோன்பு, ஹஜ், நிகாஹ், தலாக், வியாபாரம், அடைமானம், கூட்டுத் தொழில், குத்தகை வேளாண்மை, வாய்க்கால் நீரில் பங்கு, சாட்சியம், வாரிசுரிமை என மனித வாழ்வில் எழக்கூடிய அத்தனை வழக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் சொன்னது என்ன, அவர்களின் இரு பெரும் மாணவர்கள் சொன்னது என்ன, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் மாறுபட்டது எங்கே, ஒவ்வொருவருக்கும் ஆதாரம் யாது, அவற்றுள் வலுவானது எது என்று அடுக்கிச் சொல்லவேண்டும். இமாம் முஹம்மது ஷைபானீ (ரஹ்) அவர்களின் நூல்களைச் சுருக்கி, ஹிஜ்ரி 334-இல் ஷஹீதான ஹாகிம் மர்வஸீ (ரஹ்) அவர்கள் அல்காஃபீ என்ற கிதாபை எழுதியிருந்தார்கள். அதற்கே இமாம் அவர்கள் விளக்கம் சொன்னார்கள். கையில் எந்தக் கிதாபும் இன்றி, நினைவிலிருந்தே சொன்னார்கள் என்று சரித நூல்கள் கூறுகின்றன. இத்துணை பெரிய நூலை முற்றிலும் மனனத்திலிருந்து சொல்லியிருக்க இயலுமா, இடையில் சிறைக் கட்டுப்பாடு தளர்ந்து நூல்கள் கிடைத்திருக்குமோ என்று இக்கால ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். இருக்கலாம். ஆண்டுகள் செல்லச்செல்ல நிலைமை ஓரளவு மாறியிருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சிறைக்குள் நூல்நிலையம் எதுவும் வந்திருக்கப் போவதில்லை.

அவர்களின் மனனத்தைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் முந்நூறு ஏட்டுத் தொகுதிகளை மனனம் செய்திருந்தார்கள் என்று யாரோ சபையில் சொல்ல, அது நம் மனனத்தின் ஜகாத் அளவு என்று இமாம் ஸரக்ஸீ (ரஹ்) அவர்கள் மறுமொழி பகர்ந்ததாகவும், கணக்கிட்டபோது பன்னீராயிரம் தொகுதிகள் இருந்ததாகவும் கூறுவர். நாற்பதில் ஒன்று ஜகாத் என்பதால் கணக்கு சரியாகவே வருகிறது. நம் ஷாஃபிஈ சகோதரர்கள் மனம் வருந்த வேண்டாம். அறிஞர்களின் சபைகளில் இத்தகைய இனிய பேச்சுகள் உலவுவது வழக்கம்.

இனி, மேலே விட்டுவைத்த செய்திக்கு வருவோம். ஒரு நாள் பாடத்தின் நடுவே, மேலிருந்து வரும் குரல்களில் ஒரு மாணவரின் குரல் கேட்கவில்லை. இமாம் அவர்கள் பாடத்தை நிறுத்தி விசாரித்தார்கள். அவர் ஒளூச் செய்யச் சென்றவர், குளிர் மிகுதியால் தாமதிக்கிறார் என்று தெரிந்தது. அவர் வந்து சேர்ந்தபோதுதான், புகாராவில் நாற்பது முறை ஒளூச் செய்ததையும், உறைந்த மையை நெஞ்சில் வைத்து இளக்கியதையும் சொல்லி இமாம் அவர்கள் கடிந்துகொண்டார்கள். குழியின் அடியில் அடைபட்டுக் கிடப்பவர் தம் குளிரைப் பற்றிப் பேசவில்லை. முகம் காண முடியாத மாணவர்களைக் குரலால் எண்ணி வைத்திருந்து, ஒருவர் குறைந்ததும் கேட்கிறார்கள். நம் மக்தபில் வருகைப் பதிவேடு இருந்தும், தொடர்ந்து நான்கு நாள் வராத பிள்ளையைப் பற்றி வீட்டிலும் கேட்பாரில்லை, சில வேளை நம்மிடத்திலும் கேட்பாரில்லை.

அவர்களைப் பற்றிக் கராமத்துச் செய்திகளும் உண்டு. சிறைக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் தொழுகை நேரம் வந்தபோது கட்டுகள் தாமாக அவிழ்ந்தன என்பது அவற்றுள் ஒன்று. வலிமார்களின் கராமத்து உண்மை என்பதே நம் கொள்கை. எனினும் இக்கட்டுரையில் அதன் மீது நாம் எதையும் கட்டியெழுப்பவில்லை. கட்டுகள் அவிழாத அந்தப் பத்தாண்டுகளைத்தான் நாம் அதிகம் எண்ணிப் பார்க்கிறோம்.

மப்ஸூதை வாசிப்போர், அதில் சிறையின் சாயலைத் தேடினாலும் எளிதில் காணமாட்டார்கள். வாதங்கள் நிதானமாக, வரிசை பிறழாமல் செல்கின்றன. எதிர்க் கருத்துடையோரின் ஆதாரம் உரிய மரியாதையுடன் வைக்கப்படுகிறது. சில பாடங்கள் முடிவுறும் இடத்தில் மட்டும், ஓரிரு வரிகளில், அந்த வேதனை எட்டிப் பார்க்கிறது. வணக்க வழிபாடுகளைப் பற்றிய பகுதி ஹஜ்ஜின் சட்டங்களோடு முடிகிறது. அங்கே, இதைச் சொல்லிக்கொடுப்பவன் ஜும்ஆக்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் செல்லவிடாமல் அடைத்துவைக்கப்பட்டவன் என்ற கருத்தில் ஒரு குறிப்பை இமாம் அவர்கள் எழுதச் செய்திருக்கிறார்கள். இக்ரார் பற்றிய பாடத்தின் முடிவிலோ, தாம் தீயோரின் சிறையில் இருப்பதாகக் குறிப்பிடுகிறார்கள். அதன்பின் அடுத்த பாடம் தொடங்கிவிடுகிறது. மாளிகை, உத்தியோகம், ஊர், உறவு என இழந்தவை எத்தனையோ இருக்க, ஜும்ஆவும் ஜமாஅத்தும் போய்விட்டனவே என்பதைத்தான் அவர்கள் எழுதிவைத்தார்கள். நாம் ஓதிய காலத்தில் இவ்விடத்தைப் படித்துக்காட்டிய உஸ்தாத் அவர்கள், மேலே செல்லாமல் சற்று நேரம் கிதாபை மூடிவைத்திருந்தது நமக்கு நினைவிருக்கிறது.

மப்ஸூதோடு அவர்கள் நிற்கவில்லை. ஹிஜ்ரி 479 ஷவ்வால் மாத இறுதியில், உஸ்ஜந்துக் கோட்டையின் ஒரு மூலையில் இருந்தபடி, சட்டங்கள் பிறக்கும் அடிப்படைகளைப் பற்றிய உஸூல் நூலைச் சொல்லத் தொடங்கினார்கள். இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் அஸ்ஸியருல் கபீர் என்ற கிதாபின் விளக்கமும் சிறையில் தொடங்கியதே. போர், சமாதானம், உடன்படிக்கை, அடைக்கலம், கைதிகளின் நிலை ஆகியவற்றைப் பேசும் நூல் அது. கைதிகளைப் பற்றிய சட்டத்தை ஒரு கைதி விளக்கினார்கள்.

அந்த விளக்கத்தில் நிபந்தனைகள் பற்றிய பாடத்தை எட்டியபோது விடுதலை வந்தது. ஹிஜ்ரி 480, கி.பி. 1087-88 எனலாம். இமாம் அவர்கள் பர்கானாவின் மர்கீனான் நகருக்குச் சென்றார்கள். அங்கே அமீர் ஹஸன் என்பவர் தம் இல்லத்தில் இடமளித்தார். மாணவர்களும் பின்தொடர்ந்து வந்து சேர்ந்தார்கள். முதுமையும் சிறையின் நலிவும் இருக்க, சில மாதமேனும் இளைப்பாறியிருக்கலாம். ஆனால் அவ்வாண்டிலேயே, நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து அந்நூலை முடித்துவிட்டார்கள். ஹிஜ்ரி 483-இல் வஃபாத்தானதாகப் பெரும்பாலோர் எழுதுவர். 490-ஐ ஒட்டி என்போரும் உண்டு. அந்த மர்கீனான் பகுதியில்தான் அடுத்த நூற்றாண்டில் ஹிதாயாவின் ஆசிரியர் தோன்றினார்கள்.

அந்த மூன்று நூல்களும் இன்று அச்சில் உள்ளன. ஸியருல் கபீரின் விளக்கம் ஹைதராபாத்தில் அச்சேறியது. பிற்காலத்தில் அதனைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் (1908–2002) அவர்களும் ஹைதராபாத்தில் பிறந்தவரே. உஸூல் நூலைச் சரிபார்த்து வெளிக்கொணர்ந்த அபுல் வஃபா ஆப்கானீ (ரஹ்) அவர்களும் அந்நகரில் இருந்துதான் அப்பணியைச் செய்தார்கள். மப்ஸூத், ஹிஜ்ரி 1324 முதல் கெய்ரோவில் முப்பது பாகங்களாக அச்சிடப்பட்டது. ஜும்ஆத் தொழுகையின் சட்டங்கள் அதன் இரண்டாம் பாகத்தில் இருக்கின்றன.