தோளுக்குத் தோள் கொடுத்தவர்

– மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு மாணவன்

கை உயரவில்லை என்றால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தலை சீவ முடியாது. சட்டை மாட்ட முடியாது. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாது. மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கோ அன்றைக்கே சோறு நின்றுபோகும். அந்தத் தோளுக்குள் என்ன அறுந்திருக்கிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்று டாக்டர்களுக்குக் காட்டியவர் எர்னஸ்ட் அமோரி காட்மன். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் அவர் செய்தார். அதற்காகவே ஒதுக்கப்பட்டார்.

1869 டிசம்பர் 30-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர் காட்மன். ஹார்வர்டில் படித்து 1895-ல் டாக்டரானார். மாணவராக இருந்தபோதே, நண்பர் ஹார்வி குஷிங்குடன் சேர்ந்து, மயக்க மருந்து கொடுக்கும்போது நோயாளியின் நாடி எப்படி ஓடுகிறது என்பதை அட்டையில் குறித்து வைக்க ஆரம்பித்தார். எதையும் எழுதி வைக்கணும், அப்புறம் அதை எடுத்துப் பார்க்கணும். அவர் குணமே அதுதான்.

தோள்மூட்டு எப்படிப்பட்டது தெரியுமா? சின்ன சாஸர் மேல் பெரிய பந்தை வைத்த மாதிரி. அந்தப் பந்து வழுக்கி ஓடாமல் சுற்றிலும் நான்கு தசைகளின் நார்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதற்குத்தான் ரொட்டேட்டர் கஃப் என்று பேர். நான்கில் அதிகமாக அறுவது மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ். காட்மன் காலத்தில் தோள்வலி என்று வந்தால் வாதம், நரம்பு வலி என்று எதையாவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். எங்க ஊரிலும் இதே கதைதான். லோடு ஏத்துகிற எங்கப்பாவுக்குக் கை தூக்க முடியாமல் போனபோது, வாயுப் பிடிப்பு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துவிட்டார்கள்.

காட்மன் அப்படி விடவில்லை. அறுந்த நாரைக் கண்டுபிடித்து, 1909-ல் அதை எலும்போடு சேர்த்துத் தைத்தார். 1911-ல் அந்த அனுபவத்தை எழுதி வெளியிட்டார். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டும் பயிற்சிக்கு இன்றும் அவர் பேர்தான். பிசியோதெரபி அறையில் பார்த்திருப்பீர்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். ஆபரேஷன் செய்தால் போதுமா? ஒரு வருஷம் கழித்து அந்த ஆள் எப்படி இருக்கிறார்? குணமாகவில்லை என்றால் ஏன் ஆகவில்லை? இதை ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதி, ஊரறிய வெளியிட வேண்டும் என்றார் காட்மன். மற்ற டாக்டர்களுக்கு இது கசந்தது. அவர் வேலை பார்த்த மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் சீனியாரிட்டிப்படிதான் பதவி உயர்வு. திறமையை அளக்க யாரும் தயாரில்லை. 1914-ல் ராஜினாமா செய்தார்.

1911-லேயே அவர் சொந்தமாக ஒரு சிறு ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார். 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 பேருடைய கணக்கை எடுத்து, அதில் 123 தவறுகள் என்று தானே அச்சடித்து மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார். எந்தத் தொழிலில் இப்படிச் செய்வார்கள், சொல்லுங்கள்?

1915 ஜனவரியில் டாக்டர்கள் கூடிய கூட்டத்தில் ஒரு பெரிய கேலிச்சித்திரத்தைத் திறந்து வைத்தார். மண்ணுக்குள் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி பொன் முட்டைகளை இடுகிறது. உண்மையைச் சொன்னால் முட்டை நின்றுவிடுமோ என்று ஆஸ்பத்திரி நிர்வாகிகள் யோசிக்கிறார்கள். அவ்வளவுதான், சபையே கொதித்தது. மருத்துவச் சங்கத்தில் இருந்த தலைமைப் பொறுப்பு போனது. ஹார்வர்டில் பாடம் நடத்தும் வேலையும் போனது. வருமானம் சுருங்கியது.

ஆனாலும் மனுஷன் ஓயவில்லை. எலும்புப் புற்றுநோயாளிகளுக்கு ஒரு பதிவேடு தொடங்கினார். 1934-ல் தோளைப் பற்றிய பெரிய நூலைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். 1940 நவம்பர் 23-ல் புற்றுநோயால் இறந்தார். புதைத்த இடத்தில் பேர் பொறித்த கல்கூட இல்லை. 2014-ல்தான் கல் நட்டார்கள்.

தைக்கவே முடியாதபடி நார் நைந்துபோனால் என்ன செய்வது? அதற்குத்தான் தலைகீழ்த் தோள்மூட்டு. 1970-களில் வந்த மாடல்கள் பல, எலும்பில் பிடிப்பு விட்டுக் கழன்றன. அந்தத் தோல்விகளைப் பார்த்து, 1985-ல் பிரான்சின் டிஜோன் நகரில் பால் கிராமோன் என்ற டாக்டர் புது மாடல் செய்தார். பந்தைத் தோள்பட்டை எலும்பிலும், கிண்ணத்தைக் கை எலும்பிலும் மாற்றி வைத்தார். சுழலும் மையம் உள்ளேயும் கீழேயும் நகர்ந்தது. மூட்டைப் பெயர்க்கும் விசை குறைந்தது. டெல்டாய்டு தசைக்கு நெம்புகோலின் புயம் நீண்டது. நார் இல்லாமலே கை உயர்ந்தது! நாம் படிக்கிற அதே அப்ளைடு மெக்கானிக்ஸ்தான், நண்பர்களே.

முந்திய மாடல் ஏன் கழன்றது என்று யாரோ குறித்து வைத்ததால்தானே அடுத்தது நின்றது? காட்மன் கேட்டதும் அதைத்தான். இன்று பல நாடுகளில் செயற்கை மூட்டு வைத்தவர்களுக்கென்றே பதிவேடுகள் இருக்கின்றன.

நாளைக்கு நாமும் ஒர்க்‌ஷாப்புக்கும் ஃபேக்டரிக்கும் போகப்போகிறோம். உடைந்த பீஸை ஸ்கிராப்பில் போட்டு மறைப்பது சுலபம். ஏன் உடைந்தது என்று எழுதி வைப்பது கஷ்டம். அந்தக் கஷ்டத்தில்தான் அடுத்தவன் கை உயரும். காட்மன் வாழ்ந்து காட்டியது அதுதான்.