அத்தியட்சர் அசரியா

நம் ஆத்தூருக்குத் தெற்கே, திருச்செந்தூர் வட்டாரத்து வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1909ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றுத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் சென்று, அம்மக்கள் மொழியைக் கற்று ஊழியம் புரிந்தார். 1912ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார்.

மோசே தம் பாரத்தை எழுபது மூப்பரோடு பகிர்ந்துகொண்டதை வேதத்தில் வாசிக்கிறோம். அசரியாவும் தனித்து ஆள எண்ணினாரில்லை. தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்களைப் பிரசங்கம் கேட்போராய் மட்டும் நிறுத்தாமல், அவர்களுள் பலரைப் பயிற்றுவித்து உபதேசிமாராகவும் குருமாராகவும் உயர்த்தினார். சீடர் பாதங்களைக் கழுவிய ஆண்டவரின் தாழ்மை இதுவன்றோ?

1945ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் மறைந்தார். இளைஞரே! கல்வியால் உயரும் நாம், பின்வருவோரையும் தலைமைக்கு ஆயத்தப்படுத்துவோமாக.