கல்லுக்குள் கடற்சிப்பி

கடலுக்கு வெகு தூரத்திலுள்ள மலைப் பாறையை உடைக்கையில், அதற்குள்ளே கடற்சிப்பி அகப்படுவதுண்டு. அது அங்கே எப்படிப் போயிற்று? உங்கள் பிள்ளை இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? இதற்கு விடை தேடப் புறப்பட்டு, பூமியின் சரித்திரத்தை வாசிக்கும் வழியையே காட்டிய ஒருவர், பிற்பாடு நம் திருச்சபையில் மேற்றிராணியார் ஆனார். அவர்தான் நிக்கொலாஸ் ஸ்டேனோ.

1638-ம் ஆண்டு டென்மார்க் தேசத்துக் கோப்பன்ஹேகன் நகரில் ஒரு பொற்கொல்லருக்கு மகனாகப் பிறந்து, லுத்தரன் சபையில் வளர்ந்தார். வைத்திய சாஸ்திரம் கற்றார். 1660-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்க்கையில், காதருகிலுள்ள சுரப்பியிலிருந்து வாய்க்கு உமிழ்நீர் கொண்டு வரும் குழாயைக் கண்டுபிடித்தார். வைத்தியர்கள் இன்றும் அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

பிறகு இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரம் சேர்ந்தார். 1666-ல் லிவோர்னோ அருகே பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலையை, அந்நாட்டை ஆண்ட பிரபு அவரிடம் அனுப்பி வைத்தார். அதன் பற்களைக் கண்ட ஸ்டேனோ திகைத்தார். பாறைகளில் அகப்படும் நாக்குக் கற்கள் என்பவை அதே வடிவில் அல்லவா இருக்கின்றன! அவை வானத்திலிருந்து விழுந்தவை என்றனர் சிலர். மால்டா தீவில் அர்ச். சின்னப்பர் சபித்த பாம்புகளின் நாக்குகளே கல்லாயின என்றனர் வேறு சிலர். இல்லை, இவை முற்காலச் சுறாக்களின் பற்களே என்று 1667-ல் ஸ்டேனோ எழுதினார். அவருக்கு முன்னும் இப்படி எண்ணியவர்கள் உண்டு. ஆனால் கல்லுக்குள் பல் புகுந்தது எப்படி என்ற கேள்வியை அவர் விடவில்லை. டஸ்கனி நாட்டு மலைகளிலும் பாறைகளிலும் அலைந்து பார்த்தார்.

கலங்கிய ஆற்று நீரைக் குடத்தில் வைத்தால் சேறு அடியில் படிகிறதல்லவா? அவ்விதமே நீருக்கடியில் சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து, இறந்த பிராணிகளின் ஓட்டையும் பல்லையும் மூடி, காலப்போக்கில் பாறையாக இறுகின என்று 1669-ல் ஒரு சிறு நூலில் விளக்கினார். அடியிலுள்ள அடுக்கே மூத்தது, மேலுள்ளது இளையது. அடுக்குகள் முதலில் சமமாகவே படியும். அவை சாய்ந்து கிடந்தால், பிற்பாடு பூமி அசைந்ததென்று அறியலாம். பூகர்ப்ப சாஸ்திரம் கற்போருக்கு இன்றும் இவையே முதற் பாடம்.

இந்நூல் வெளிவருமுன்னரே அவர் வாழ்வில் வேறொரு மாறுதல் உண்டாயிற்று. லிவோர்னோவில் திவ்விய நற்கருணைச் சுற்றுப்பிரகாரத்தைக் கண்டது அவர் மனதை விட்டு அகலவில்லை. நெடுநாள் ஆராய்ந்து, 1667-ல் கத்தோலிக்கரானார். 1675-ல் குருப்பட்டம் பெற்றார். 1677-ல் பாப்பரசர் பதினோராம் இன்னோசென்சியார் அவரை மேற்றிராணியாராக்கி, கத்தோலிக்கர் சொற்பமாயிருந்த வட ஜெர்மனிக்கு அனுப்பினார். அவர் ஆராய்ச்சியை விட்டதற்காக லைப்னிட்ஸ் போன்ற பேரறிஞர் வருந்தினர். அவரோ தம் மோதிரத்தையும் சிலுவையையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். கடுந்தபசிலும் வறுமையிலும் உடல் நலிந்து, 1686-ல் ஷ்வெரின் நகரில் தமது 48-வது வயதில் உயிர்விட்டார். அவர் சரீரம் பிளாரன்ஸ் நகரில் அர்ச். லவுரேஞ்சியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. 1988-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

பெற்றோரே, சர்வேசுரன் படைத்த பூமியைப் பற்றிக் கேள்வி கேட்பது விசுவாசத்துக்குக் குறைவு என்று ஸ்டேனோ ஒருபோதும் எண்ணவில்லை. நாளை உங்கள் பிள்ளை ஒரு கல்லைக் கையில் கொண்டுவந்து ஏன், எப்படி என்று கேட்டால், அதட்டி அனுப்பாதீர்கள். அருகில் உட்கார்த்தி, அந்தக் கல்லை நீங்களும் சற்று உற்றுப் பாருங்கள்.