சிரிக்க வைத்த மதுரம்



போன இதழில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பற்றி ஒரு அண்ணன் எழுதியிருந்தார். நல்லாத்தான் இருந்தது. ஆனால் அவர் மனைவி டி.ஏ.மதுரம் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியில். எனக்கு மனசு கேட்கவில்லை. எங்க அப்பத்தா ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னதையும் நூலகத்தில் படித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

மதுரம் 1918-இல் பிறந்தவர், திருச்சிப் பக்கத்துக்காரர். 1935-இல் வந்த ரத்னாவளிதான் முதல் படம். பெண்கள் நடிப்பதையே ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்த காலம். அதிலும் சிரிப்பு வேஷம் என்றால் கேட்கவே வேண்டாம். (பொம்பளை சிரிச்சா போச்சு என்று நம்ம தெருவில் இன்னமும் சொல்கிறார்களே!) வசந்தசேனா படத்திற்காக புனே போனபோதுதான் கிருஷ்ணனோடு பழக்கம். பிறகு கல்யாணம்.

அம்பிகாபதி, சகுந்தலை, ஆரியமாலா, கண்ணகி, மங்கம்மா சபதம் என்று வரிசையாகச் சேர்ந்து நடித்தார்கள். இவர்களுடைய சிரிப்புக் காட்சிகளைத் தனியாகத் தயார் செய்து படத்தில் சேர்த்துவிடுவார்களாம். கதை ஒரு பக்கம் போகும், இவர்கள் ஒரு பக்கம் போவார்கள். இரண்டு பேரும் சொந்தக் குரலில் பாடுவார்கள். அவர் பெரிய ஆளாட்டம் பேசுவார், இவர் ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார். டிவியில் பழைய படம் போட்டால் அப்பத்தா அந்த இடம் வரும்வரை தூங்கமாட்டார்.

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வந்தது. அதில் தியாகராஜ பாகவதர் கதாநாயகன், இவர்களும் உண்டு. அடுத்த மாதம் சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். நடிகர்களைப் பற்றிக் கண்டபடி எழுதியவர் அவர். அந்த வழக்கில் பாகவதரையும் கிருஷ்ணனையும் பிடித்தார்கள். 1945-இல் ஆயுள் தண்டனை. சென்னை பிராட்வே தியேட்டரில் ஹரிதாஸ் மூன்று தீபாவளி பார்த்தது. திரையில் சிரிக்க வைத்தவர் ஜெயிலில் கிடந்தார்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்க அப்பா மிளகுக் கொடியில் காய் பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து ஆறு மாதம் படுத்துவிட்டார். அம்மாதான் விடிகாலை ஜீப்பில் போடிமெட்டு ஏறித் தோட்ட வேலைக்குப் போனார். ஜீப்பில் அம்மா பேசினால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். வீட்டுக்கு வந்தால் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

மதுரமும் சும்மா இருக்கவில்லை. வழக்கு நடத்தப் பணம் வேண்டும், நம்பியிருந்த நாடகக்காரர்களுக்குச் சோறும் வேண்டும். எஸ்.வி.சகஸ்ரநாமத்தோடு சேர்ந்து கணவர் பெயரிலேயே நாடக சபாவை நடத்தினார். பைத்தியக்காரன் நாடகம் அப்போது போட்டதுதான். பிறகு அதைப் படமாகவும் எடுத்தார்கள், எம்.ஜி.ஆர். கூட அதில் ஒரு வேஷம். சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்பீல் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அங்கே மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். வக்கீல் எதிராஜ் வாதாடினார். (சென்னையில் எதிராஜ் கல்லூரி இருக்கிறதே, அவர்தான்.) 1947 ஏப்ரலில் விடுதலை. பைத்தியக்காரன் படத்தில் கிருஷ்ணனும் நடித்து, அந்த வருஷமே வெளியானது.

பிறகு நல்லதம்பி (1949), கதை வசனம் அண்ணா. குடிக்கு எதிரான படம். 1951-இல் மணமகள். பழைய ஜோடி பழையபடி சிரிக்க வைத்தது. நாகர்கோவிலில் கிருஷ்ணன் கட்டிய வீட்டுக்கு மதுர பவனம் என்றே பெயர் வைத்தார்.

1957 ஆகஸ்ட் 30-இல் கிருஷ்ணன் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு 17 வருஷம் மதுரம் இருந்தார். 1974-இல் காலமானார். சென்னையில் கலைவாணர் அரங்கம் இருக்கிறது, தி.நகரில் அண்ணா திறந்து வைத்த சிலையும் இருக்கிறது. சிலையில் அவர் மட்டும் தனியாக நிற்கிறார். எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது.

தாளில் இடம் முடிந்துவிட்டது, அதனால்தான் கடைசியில் எழுத்து பொடியாகிவிட்டது, மன்னிக்கவும். தமிழ் ஐயா சம்மதித்தால் அடுத்த இதழில் ஆச்சி மனோரமா.

ஒன்பதாம் வகுப்பு மாணவி