பாறையைப் படித்த மேரி ஆனிங்

நிலவியல் துறையில் சேர்ந்த முதலாண்டில் இக்தியோசர், பிளீசியோசர் என்று பெயர்களை மனனம் செய்து தேர்வு எழுதினேன். அவற்றை ஆராய்ந்த அறிஞர்களின் பெயர்களும் எனக்கு அத்துப்படி. பாறையிலிருந்து அவற்றை வெட்டி எடுத்தவர் யார் என்று மட்டும் நான் கேட்கவே இல்லை.

அவர்தாம் மேரி ஆனிங். 1799ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் எனும் சிற்றூரில் பிறந்தார். தச்சரான தந்தை, கடலோரக் குன்றுகளில் பொறுக்கிய புதைபடிவங்களைச் சுற்றுப்பயணிகளுக்கு விற்பார். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வார். 1810இல் அவர் இறந்தபோது குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்தான்.

அந்தக் குன்றுகளைச் சொல்லாமல் மேரியின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. புளூ லயாஸ் எனப்படும் அந்தப் பாறைத்தொகுதி, ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரையாசிக் காலம் முடிந்து ஜுராசிக் காலம் பிறந்த வேளையில், ஆழமற்ற கடலின் அடியில் படிந்தது. சாம்பல்நீலச் சுண்ணாம்புக்கல் ஒரு வரி, கறுத்த சேற்றுப்பாறை ஒரு வரி என மாறி மாறி வரும். படத்தில் பார்த்தால் நம்மூர் கேக் லாப்பிஸ்தான் நினைவுக்கு வரும்! கறுத்த அடுக்குகள் படிந்தபோது கடலடியில் உயிர்வாயு குறைவு. இறந்து விழுந்த உடல்களைச் சிதைக்கும் உயிரினங்களும் குறைவு. அதனால்தான் எலும்புக்கூடுகள் பல கலையாமல் கிடைத்தன.

குளிர்கால மழையில் சேற்றுப்பாறை இளகிக் குன்று சரியும். புதிய எலும்புகள் வெளிப்படும். விட்டால் கடலலை அவற்றைக் கொண்டு போய்விடும். ஆகவே ஆபத்தான பருவமே மேரிக்கு அறுவடைப் பருவம். 1833இல் அப்படியொரு சரிவில் அவருடைய நாய் டிரே அவர் கண்ணெதிரே நசுங்கி இறந்தது. மேரி மயிரிழையில் தப்பினார்.

1811இல் அண்ணன் ஜோசப் ஒரு மண்டையோட்டைக் கண்டார். மறு ஆண்டு அதன் உடலைத் தேடிக் கண்டுபிடித்தவர் மேரி. அந்த இக்தியோசர் 23 பவுனுக்கு விலைபோனது. 1823இல் முழு பிளீசியோசர் ஒன்றை எடுத்தார். அதன் நீண்ட கழுத்தைப் பார்த்துப் பிரான்சின் குவியே ஐயப்பட்டார், பின்னர் ஏற்றுக்கொண்டார். 1824இல் லண்டன் நிலவியல் கழகத்தில் கோனிபியர் அதைப் பற்றி உரையாற்றினார். அவ்வுரையில் மேரியின் பெயர் இல்லை. பெண் என்பதால் அந்த அவைக்குள் நுழையவும் அவரால் முடியாது. அக்கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919இல்தான்!

மேரி வெறும் வியாபாரிதானே என்பாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் ஆய்வுக் கட்டுரைகளைக் கடன் வாங்கிக் கையால் படியெடுத்துப் படித்தார். உடற்கூறு அறிய மீனையும் கணவாயையும் அறுத்துப் பார்த்தார். இக்தியோசரின் வயிற்றுப் பகுதியில் கிடந்த கற்களை உடைத்து, உள்ளே மீன் முள்ளும் செதிலும் இருப்பதைக் கவனித்தார். அவை கல்லாகிப்போன சாணம் என்று பக்லண்ட் 1829இல் விளக்க இந்தக் கவனிப்பு உதவியது. வியாபாரி மட்டுமாயிருந்தால் கல்லை உடைத்திருப்பாரா?

விற்ற எலும்புகள் அருங்காட்சியகங்களுக்குச் சென்றன; வழங்கிய செல்வரின் பெயரே அங்கே இடம்பெற்றது. வறுமை வாட்டியபோது, இளமைக்கால நண்பர் டெ லா பெஷ் 1830இல் பண்டைய டோர்செட் கடலை ஓவியமாகத் தீட்டி, அதன் அச்சுப்படிகளை விற்ற பணத்தை மேரிக்குத் தந்தார்.

1847ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் மார்பகப் புற்றுநோயால் இறந்தபோது மேரிக்கு வயது 47. ஒரு பள்ளிச் சிறுமி தன் தாயுடன் தொடங்கிய முயற்சியால், 2022ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் லைம் ரீஜிஸில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. அருகில் டிரேயும் இருக்கிறது.